பேர் கேட்டவள்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்புக் கம்பெனியில் ஹெல்பர் வேலைக்குப் பட்டதாரிகளை எடுக்க மாட்டார்கள். படித்தவர்கள் கேள்வி கேட்பார்களாம். அதனால் பி.ஏ. வரலாறு முடித்த எஸ்தர், பத்தாவது என்று சொல்லித்தான் என்னோடு பேக்கிங்கில் சேர்ந்தாள்.

"ஐ.டி.ஐ. படிச்சிருந்தா மெஷினாண்ட நின்னுகினு இருப்ப. வரலாறு படிச்சி இன்னாத்த கண்ட?" என்று அவள் அப்பா திட்டாத நாளில்லை.

போன மாதம் உலையருகே ஒரு ஒடிசாக்காரர் கருகிச் செத்தார். மறுநாள் ஷிப்ட் தொடங்குமுன் மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தினார். "ஒரு ஹெல்பர் தவறிட்டார். ரெண்டு நிமிஷம் மௌனமா நில்லுங்க."

எஸ்தரால் அப்படிப் பேசாமல் நிற்க முடியவில்லை. "அவருக்குப் பேர் இருக்கு சார். பிரமோத் பெஹெரா. அவங்க நெலத்த கடல் அரிச்சிட்டுதுன்னுதான் இங்க வந்தாரு. டீ குடிக்கும்போது கேட்டேன், சொன்னாரு."

மேனேஜர் அவளை முறைத்தார். "நீ என்ன படிச்சிருக்கே?"

"பி.ஏ. வரலாறு சார்."

அடுத்த நாள் அவளை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று டீ நேரத்தில், பக்கத்தில் வேலை செய்யும் பீகார்க்காரரிடம் பேர் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான் தப்பு ஒண்ணும் பண்ணல, அக்கா."