கண்காட்சியில் மச்சாளின் படம்

என் கணவரின் அக்காவை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில், எங்கள் வீட்டிலிருந்து ட்ராமில் இரண்டு தரிப்பு தள்ளி இருந்தார். வாரநாட்களில் உள்ளூராட்சிக் கவுன்சிலின் நீச்சல் தடாகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்குவது அவருடைய வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும், பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சிறிய தடாகத்தை வாடகைக்கு எடுத்துப் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு நடத்தினார். அந்த வகுப்பு எப்படி இல்லாமற்போனது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

அங்கே வந்த பெண்களில் பலருக்குத் தண்ணீர் என்றாலே பயம். நானும் அப்படித்தான். சிறு பிள்ளையாக மன்னார்க் கரையிலிருந்து இந்தியாவுக்குப் படகில் போனபோது, தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்க, பெரியவர்கள் சட்டியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார்கள். அதற்குப் பிறகு முகத்தில் தண்ணீர் பட்டாலே எனக்கு மூச்சு நின்றுவிடும். திருமணமாகி லண்டனுக்கு வந்த பிறகு இதை மச்சாளிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நீர் ஞாயிற்றுக்கிழமை வாரும். நீந்தத் தேவையில்லை. வந்து சும்மா நில்லும்," என்றார்.

முதல் நாள் நான் இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான். யன்னல்களில் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. எல்லோரும் லெகிங்ஸும் நீளக்கை டீஷர்ட்டும் போட்டிருந்தோம். மச்சாள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, சமையலைப் பற்றியும் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றியும் பேசிவிட்டுப் போவார். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கத் தேவைப்பட்டது. அவர் ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை.

வன்னியிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார். கடைசி யுத்தத்தில் கழுத்தளவு நீரில் ஏரியைக் கடந்து வந்தவர். கையில் தூக்கிவந்த பிள்ளை கரைக்கு வந்து சேரவில்லை. இதை அவர் மச்சாளுக்கு மட்டும்தான் சொன்னார். வகுப்பில் யாரோடும் அதிகம் பேசமாட்டார். பல மாதம் படிக்கட்டில் கால் நனைத்தபடி இருந்துவிட்டுப் போனவர், ஒரு நாள் தானாக இறங்கி வந்து, மச்சாளின் கையில் தலையைச் சாய்த்து மல்லாந்து படுத்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். அன்றைக்கு உடை மாற்றும் அறையில் மச்சாள் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்ததை நான் பார்த்தேன்.

பிறகு பள்ளிக்கூட நிர்வாகம் மாறியது. தனியாட்களுக்கு இனித் தடாகத்தை விடமாட்டோம், பதிவு செய்த நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்று அறிவித்தார்கள். மச்சாள் எங்கெங்கோ அலைந்து பார்த்தார். அந்த நேரத்தில்தான் கோவிலில் பழக்கமான ஒருவர், கிழக்கு லண்டனில் நடக்கும் பிரான்சைஸ் கண்காட்சிக்கு இலவச அனுமதிச் சீட்டு இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். பெரிய கம்பனியின் பெயரையும் முறையையும் காசு கொடுத்து வாங்கி, அவர்கள் சொல்கிறபடி நம்முடைய பகுதியில் வியாபாரம் செய்வதுதான் பிரான்சைஸ். "நீச்சல் கம்பனியும் வருதாம்," என்று மச்சாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

மண்டபம் ஒரு விமான நிலையம் அளவுக்குப் பெரியது. பீட்சா, நாய்களை உலாவக் கூட்டிப்போதல், புல் வெட்டுதல், முதியோர் பராமரிப்பு, கோப்பி வான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடை. எங்கே பார்த்தாலும் கொடிகள், சிரித்த முகங்கள், கிண்ணத்தில் இனிப்பு. குழந்தைகளுக்கு நீச்சல் பழக்கும் கம்பனி நீலக் கம்பளம் விரித்திருந்தது. அங்கே நின்றவர் மச்சாளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். தடாகம் நாங்கள் ஒழுங்கு செய்வோம், காப்புறுதி எங்களுடையது, விளம்பரம் எங்களுடையது, நீங்கள் பழக்கினால் போதும் என்றார். ஒரு வகுப்புக்கு எத்தனை குழந்தைகள் சேருவார்கள் என்று வண்ண வண்ணமாக வரைபடம் காட்டினார்.

மச்சாள் என்னுடைய காதுக்குள், "ஞாயிற்றுக்கிழமை வகுப்பை விடமாட்டன் எண்டு சொல்லோணும்," என்றார். பிறகு அவரிடம் ஆங்கிலத்தில் அதைச் சொன்னார். தாராளமாக நடத்தலாம், அதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அவர் தலையாட்டினார்.

எனக்கு ஒன்று கேட்கத் தோன்றியது. "இந்தக் கணக்கெல்லாம் சரிதானா என்று அரசாங்கத்தில் யாராவது பார்ப்பார்களா?" என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. இந்த நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, அதனால்தான் இங்கே எல்லாம் சுறுசுறுப்பாக நடக்கிறது என்றார். தாங்கள் ஒரு சங்கத்தில் உறுப்பினர், அந்தச் சங்கம் நன்னடத்தை விதிகள் வைத்திருக்கிறது என்று சொல்லிச் சட்டைப்பையில் குத்தியிருந்த சின்னத்தைத் தொட்டுக் காட்டினார். கண்காட்சியில் பெயர் கொடுப்பவர்களுக்கு அந்த மாதம் முடியும்வரை ஒரு சலுகை இருந்தது.

திரும்பி வரும்போது ட்ராமில் நான் கொஞ்சம் யோசித்துச் செய்யச் சொன்னேன்.

"இவ்வளவு பெரிய மண்டபம், இத்தனை சனம். ஆரும் பாக்காமலே கடை விரிக்க விடுவினமே?" என்றார் மச்சாள். "இது லண்டன். இங்க ஒரு ரொட்டிக்கடை திறக்கிறதுக்கே எத்தினை பேர் வந்து பாக்கினம்."

மச்சாளின் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அண்ணை ஒப்பந்தத்தைத் தமிழ் வக்கீல் ஒருவரிடம் கொண்டுபோனார். வீடு வாங்கும் பத்திரங்களும் விசா விண்ணப்பங்களும்தான் அந்த வக்கீல் வழக்கமாகப் பார்ப்பவை. வாசித்துவிட்டு, எல்லாக் கம்பனிகளும் இப்படித்தான் எழுதும் என்றார். மாதம் முடிவதற்குள் மச்சாள் கையொப்பம் வைத்தார். கவுன்சில் வேலையையும் விட்டார்.

முதல் சில வாரங்கள் சந்தோஷமாகத்தான் போயின. கம்பனியின் பெயரைக் காட்டியதும் பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமைகளில் தடாகத்தைத் திரும்பவும் தந்தது. கம்பனியின் படப்பிடிப்பாளர் ஒருவர் வந்து, மச்சாள் தண்ணீரில் நின்று ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்திருப்பதைப் படம் பிடித்தார். பிறகு சிக்கல்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஒழுங்கு செய்து தந்த தடாகம் அவருடைய பகுதியிலிருந்து மிகவும் தள்ளி இருந்தது. தாய்மார் பிள்ளைத் தள்ளுவண்டியோடு இரண்டு பஸ் மாறி வரத் தயாரில்லை. கண்காட்சியில் காட்டிய வரைபடம் வேறொரு பணக்கார ஊரின் கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. எந்த நிமிடம் எந்தப் பாட்டுப் பாட வேண்டும் என்பதைக்கூடக் கம்பனி எழுதிக் கொடுத்திருந்தது. பயந்து அழும் குழந்தையைச் சும்மா வைத்திருக்க அதில் இடமில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றி மின்னஞ்சல் வந்தது. பெரியவர்களுக்குப் பழக்குவது தங்களுடைய முறையில் இல்லை, ஒப்பந்தப்படி வேறு எந்த நீச்சல் வகுப்பும் நடத்தக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். மச்சாள் தொலைபேசியில் அந்தக் கண்காட்சிக்காரரைப் பிடித்தார்.

"நீங்கள் நடத்தலாம் என்று சொன்னீர்கள்."

அப்படி எழுத்தில் எதுவும் இல்லையே என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மச்சாள் எல்லோரையும் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு சொன்னார். "கொஞ்ச நாளைக்குத்தான். ஒரு வழி பாத்துப் போட்டுக் கூப்பிடுறன்."

வன்னி அக்கா மட்டும் கேட்டார்: "நான் இன்னும் தனிய மிதக்கேல்லையே. வேற ஆரிட்டயும் போகலாமோ?"

"போங்கோ அக்கா. கவுன்சிலில நல்ல பிள்ளையள் இருக்கினம்," என்றார் மச்சாள். அவர் போகமாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகு அவர் மகளோடு பர்மிங்காமுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த ஆண்டு மச்சாள் விலக முடிவெடுத்தார். விலகுவதற்கே பெரிய தொகை கட்ட வேண்டியிருந்தது. அதைவிட அவரை உடைத்தது வேறு ஒரு வரி: விலகிய பிறகும் ஒரு வருடத்துக்கு லண்டனில் எங்கேயும் நீச்சல் பழக்கக்கூடாது. கம்பனி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அவர் செய்துவந்த வேலை அது. பழைய கவுன்சில் வேலைக்கும் திரும்ப முடியவில்லை.

நானும் அவரும் சேர்ந்து கவுன்சிலின் வணிகக் கண்காணிப்புப் பகுதிக்குத் தொலைபேசி எடுத்தோம். அங்கே பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நாங்கள் பார்ப்பது வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளை, நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, வியாபாரி என்றார். பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதினோம். அனுதாபத்தோடு பதில் வந்தது. தனிச் சட்டம் எதுவும் இல்லை என்பதுதான் அதன் சாரம். கம்பனி உறுப்பினராக இருந்த சங்கத்துக்கு எழுதினோம். இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி சொன்னார்கள்.

டொரொன்டோவில் இருக்கும் அண்ணையின் தம்பி ஒரு சாப்பாட்டுக் கடையைப் பிரான்சைஸாக நடத்துகிறார். ஒரு நாள் வீடியோவில் எங்கள் எல்லோரோடும் பேசும்போது அவர் திகைத்துப்போனார்.

"அண்ணி, ஒரு புத்தகமும் தரேல்லையே? இங்க கையொப்பம் வைக்க இரண்டு கிழமைக்கு முன்னமே எல்லா விபரமும் தரோணும். கம்பனிக் கணக்கு, ஆர் ஆர் விட்டிட்டுப் போனது எண்டு பேர், போன் நம்பர் எல்லாம். தராட்டி ஒப்பந்தத்தைக் கிழிச்செறியலாம், சட்டம் எங்கட பக்கம். அமெரிக்காவில சில மாநிலங்களில அரசாங்கத்திட்ட பதியாமல் கண்காட்சியில கடையே போட ஏலாது."

மச்சாள் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி இருந்தார். "அப்ப நான் பிழையான நாட்டுக்கு வந்திட்டன் போல," என்று சிரித்தார். அண்ணை எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அந்த வீட்டில் அப்போது அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பேச்சு குறைந்து குறைந்து, சாப்பாடு ஆறுது, கதவைப் பூட்டினீங்களோ என்ற அளவில் நின்றுவிட்டது.

அந்தக் கண்காட்சி மறுபடி வந்தபோது போய்ப் பார்க்க வேண்டும் என்று மச்சாள் சொன்னார். ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றார். தனியாக விட மனமில்லாமல் கூடப் போனேன்.

நீலக் கம்பளம் இந்த முறை இன்னும் அகலமாக இருந்தது. பின்னால், ஆளுயரத்துக்கும் மேலான பதாகையில் மச்சாள் நின்றார். நெஞ்சளவு தண்ணீரில், தலைக்கு மேல் தூக்கிய கைகளில் ஒரு குழந்தை, அதன் வாய் நிறையச் சிரிப்பு. மச்சாளும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த அவருடைய படங்களிலேயே அழகானது அதுதான். கீழே, நீங்களும் உங்கள் வாழ்க்கையை மாற்றலாம் என்று எழுதியிருந்தது.

மச்சாள் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பளத்தில் தள்ளுவண்டியோடு ஓர் இளம் தமிழ்த் தம்பதி இருந்தார்கள். அந்தப் பெண் பதாகையையும் மச்சாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, அது நீங்கள்தானே?" என்று தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டாள். "எப்பிடிப் போகுது?"

"ஓம் பிள்ளை, நான்தான்," என்றார் மச்சாள். "அண்டைக்கு நான் சிரிச்சது உண்மை. ஆனா நான் இப்ப இவையோட இல்லை. என்னை நீந்தப் பழக்க விடாமல் வைச்சிருக்கினம். கையொப்பம் வைக்க முதல், விட்டிட்டுப் போன ஆக்களின்ர பேரைக் கேளுங்கோ. தரமாட்டினம் எண்டால் எழும்பி வாங்கோ."

கம்பனிக்காரர் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். மச்சாளை அடையாளம் கண்டு, பெயர் சொல்லி நலம் விசாரித்தார். படத்தை எடுக்கும்படி மச்சாள் கேட்டார். படத்தைப் பயன்படுத்த ஒப்பந்தத்தில் சம்மதித்திருக்கிறீர்கள் என்று அவர் மெதுவாகச் சொன்னார். மச்சாள் மறுபடி கேட்டார். குரல் உயரவில்லை. சிறிது நேரத்தில் மண்டபக் காவலர் ஒருவர் வந்து, எங்கள் இருவரையும் வாசல்வரை கூட்டிவந்து விட்டார். அவர் ஆபிரிக்க நாட்டுக்காரர், வயதானவர். மன்னிக்கும்படி இரண்டு தரம் சொன்னார்.

"நான் சத்தம் போடேல்லையே," என்றார் மச்சாள், வெளியே வந்த பிறகு.

"இல்லை மச்சாள்."

அந்தத் தம்பதி கையொப்பம் வைத்தார்களா, எழுந்து போனார்களா, எனக்குத் தெரியாது. நாங்கள் வெளியேறும்போது அந்தப் பெண் பதாகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வசந்தத்தில் மச்சாளும் அண்ணையும் கம்பனிக்குக் கட்ட வேண்டிய தொகைக்காக மிச்சத்திலிருந்த வீட்டை விற்றுவிட்டு, கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே சிறிய வீட்டுக்கு மாறினார்கள். மச்சாளுக்கு ஆஸ்பத்திரித் துணிகள் பிரித்து மடிக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்வர ஒரு பகல் தேவைப்பட்டதால், சந்திப்பது குறைந்துவிட்டது.

அந்த ஒரு வருடத் தடை முடிந்த நாளை நான் நினைவில் வைத்திருந்தேன். காலையிலேயே தொலைபேசி எடுத்தேன்.

"மச்சாள், இண்டையோட முடிஞ்சுது. இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்ல ஏலாது. இங்க ஒரு தடாகம் பாத்து வைச்சிருக்கிறன். பழைய ஆக்களுக்கும் சொல்லலாம்."

மறுமுனையில் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. வேலைக்கு நேரத்தோடு போயிருந்தார் போல.

"தெரியும்," என்றார். "நானும் நாள் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். போன கிழமை இங்கத்தைக் கவுன்சில் தடாகத்துக்குப் போனன். ஒரு தாய் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லித் தந்தவ. பிடிக்கேக்க அந்தக் கம்பனியின்ர பாட்டுத்தான் வாயில வந்துது. திருப்பிக் குடுத்திட்டன்."

"அது கொஞ்ச நாளில சரியாயிடும் மச்சாள்."

"ஓம், சரிவரலாம்," என்றார். "நீர் விடாமல் போய் நீந்தும், என்ன? ஷிப்டில நிக்கிறன், மேற்பார்வைக்காரி பாக்கிறா. வைக்கிறன்."

நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீந்தப் போகிறேன். ஆண்களும் பெண்களும் கலந்த பொது நேரம்தான் இருக்கிறது. பழைய வகுப்புப் பெண்கள் யாரையும் அங்கே நான் கண்டதில்லை.