அப்பாவும் மகனும் ஒரே நாளில் பிறந்த கணக்கு

கணக்கைப் போட்டோ எடுத்தால் போதும், பேரனின் போன் படிப்படியாக விடையைக் கொட்டிவிடுகிறது. நேற்று எட்டிப் பார்த்தேன். அப்பா வயது, மகன் வயது கணக்கு! அட, நீ இன்னும் உயிரோடுதான் இருக்கிறாயா என்று கேட்கத் தோன்றியது. உடனே மூக்கில் ரவா கேசரி வாசனை ஏறியது. கணக்குக்கும் கேசரிக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் அப்போது பீங்கான் வேலைக்காரர் வீடுகளில் நல்ல கப்பே இருக்காது. சூளையில் கோணிப்போனதுதான் வீட்டுக்கு வரும். பக்கத்து வீட்டுக் கொளஞ்சி அக்காவின் அப்பாவுக்கும் சூளையில்தான் வேலை. எட்டாம் வகுப்பில் என் கணக்கு மார்க் முழுக்க அந்த அக்கா போட்ட பிச்சை. "அடைப்பைப் பிரிச்சியா? கடைசில சரிபார்த்தியா?" என்று குட்டிக்கொண்டே இருப்பாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்" என்று கிளம்புவார்கள். தபால்காரர் வருவார், லெட்டர் வராது. அக்காவின் அம்மாவுக்கு ரவையைக் கண்டாலே பிடிக்காமல் போய்விட்டது.

அன்றைக்குத் திட்டக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். எனக்கென்ன அதைப் பற்றி? மறுநாள் கணக்கு வாத்தியார் பிரம்புதான் கண்முன் நின்றது. நோட்டோடு நுழைந்துவிட்டேன்.

"இன்னிக்கு ஒரு நாளு வூட்டுக்குப் போடி!" என்று அக்காவின் அம்மா பல்லைக் கடித்தாள். மாப்பிள்ளையின் அம்மாவோ, "குடு பாப்பா, எம் புள்ள போட்டுத் தருவான். கணக்குல புலி" என்றாள்.

புலிக்கு வியர்த்தது. கோணல் கப்பைக் கீழே வைத்தால் காபி சிந்தும். ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டே எழுதினார். அப்பாவின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு, பத்து வருஷம் கழித்து இரண்டு மடங்கு. மகன் வயது x என்க. 3x + 10 = 2(x + 10). அதுவரை சரி. அடைப்பைப் பிரிக்கும்போது x-ஐ மட்டும் இரண்டால் பெருக்கிவிட்டு, பத்தை அப்படியே விட்டுவிட்டார். 3x + 10 = 2x + 10. விடை, பூஜ்யம்.

"சரிபார்க்கணும் சார்" என்றேன். "மகனுக்கு வயசு பூஜ்யம். அப்பாவுக்கு அதுல மூணு மடங்கு, அதுவும் பூஜ்யம். ரெண்டு பேரும் இன்னிக்குத்தான் பொறந்திருக்காங்க."

பெண் பார்க்கும் அன்று பெண்ணின் குரலே கேட்கக் கூடாது. கொளஞ்சி அக்கா அடுப்படியிலிருந்து வீடே அதிரச் சிரித்தாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். "சிரிக்கிற சிரிப்பு நல்லா இல்லீங்க. கெளம்புடா." என் நோட்டால் அக்காவின் கல்யாணமே போச்சே!

மாப்பிள்ளை எழவில்லை. "எங்க தப்புன்னு கேளு பாப்பா" என்றார்.

உள்ளேயிருந்தே பதில் வந்தது. "அடைப்புல இருக்குற பத்தையும் பெருக்கணுங்க."

அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். மகனுக்குப் பத்து, அப்பாவுக்கு முப்பது. "இப்ப சரிங்களா?"

"சரிங்க."

அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். "லெட்டரெல்லாம் வேணாம்மா, இப்பவே சொல்லிட்டுப் போவோம்" என்றார் தன் அம்மாவிடம். தை மாதம் கல்யாணம். கூடவே என் கணக்கு மார்க்கும் திட்டக்குடிக்குப் பஸ் ஏறிவிட்டது.

அந்தக் கோணல் கப்புகள் இல்லை. அந்த மாப்பிள்ளையும் இப்போது இல்லை. பேரனின் போன் அடைப்பைச் சரியாகப் பிரிக்கிறது, சரிபார்த்தும் காட்டுகிறது. ஒரு தப்பும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. உள்ளேயிருந்து யாரும் சிரிப்பதுமில்லை.