துரோகி வேடம்

மன்னார்ப் பேசாலையில் பிறந்து, போருக்குத் தப்பி ஐரோப்பாவுக்கு வந்து, பாடன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்யும் இமெல்டாவுக்கு, தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா நெருங்கினால் வீடே தையற்கடையாகிவிடும். இந்த முறை நாடகம், யாழ்ப்பாண இராச்சியம். முத்தும் யானையும் விற்றுச் செழித்த அந்தச் சின்ன அரசைப் பறங்கியர் விழுங்கிய கதை. ராசாவின் சரிகை அங்கியையும் பறங்கியரின் சட்டைகளையும் அவளே தைத்தாள்.

ஒத்திகைக்கு உடுப்புகளைக் கொண்டுபோனபோதுதான் மகள் பிரஷாந்திக்கு என்ன வேடம் என்று தெரிந்தது. கழுத்தில் செபமாலையோடு, பறங்கியருக்குக் கோட்டைக்கு வழி காட்டும் மன்னார்க்காரி. கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளைக்குச் செபமாலை பிடிக்கச் சொல்லித்தரத் தேவையில்லையே என்று நாடகம் எழுதிய குகநாதன் சிரித்தார்.

கிறிஸ்தவத்துக்கு மதம் மாறினார்கள் என்று மன்னாரில் நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாண ராசா ஒருவன் வெட்டிப்போட்டது இமெல்டாவின் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிணங்களைக் காட்டித்தான் பறங்கியனும் பின்னால் படையோடு வந்தான். பழிவாங்க வந்ததாகச் சொன்னவன் அள்ளிக்கொண்டது முத்தை. செத்த சனம் அவனுக்கு வெறும் சாட்டு.

“அந்த வெட்டு நாடகத்தில எங்க, அண்ணை?”

“அது பிள்ளையளுக்குத் தேவையில்லை, தங்கச்சி. ராசாவைக் குறைச்சுக் காட்டினால் சனம் கோவிக்கும்.”

“வெட்டுப்பட்டதும் நாங்கள், காட்டிக்குடுத்ததும் நாங்களோ? ஆர் உங்களுக்குச் சொன்னது?”

அப்படி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கதைக்கு ஒரு துரோகி வேண்டியிருந்தது, தானாக எழுதிச் சேர்த்ததாக அவர் ஒத்துக்கொண்டார். நடிப்புத்தானே, இதில் என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

“நடிப்புத்தானே? அப்ப உங்கட மகள் யாதவிக்குக் குடுங்கோ.”

மேடையில் திரை கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெயகௌரி சட்டென்று திரும்பினாள். “என்ர பிள்ளை துரோகியா நிக்கிறதோ? பிறகு சனம் என்ன கதைக்கும்?”

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் ஜெயகௌரியின் முகம் கறுத்துப்போனது. குகநாதன் கையிலிருந்த தாள்களைக் குனிந்து பார்த்தார்.

இமெல்டா மகளின் கழுத்திலிருந்து செபமாலையைக் கழற்றினாள். ராசாவின் அங்கியையும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“எங்கட சனத்தை வெட்டின காட்சியை எழுதிப்போட்டுக் கூப்பிடுங்கோ. அதுவரைக்கும் உங்கட ராசா மேலுக்குச் சட்டையில்லாமல் நிக்கட்டும்.”