மாம்பழ வாசனைக்காரர்

யோசுவா லிப்ட் மெக்கானிக். பாறசாலைப் பக்கத்து ஊரிலிருந்து இளவயதில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தவர். நகரத்தின் கவடியார், பட்டம் பகுதிகளில் அடுக்குமாடிகள் எழும்ப எழும்ப அவற்றின் உள்ளுக்குள் ஏறி இறங்கியே தலை நரைத்தவர். மொட்டைமாடிக்கும் மேலே, லிப்ட் மோட்டார் இருக்கும் சிறிய அறையில்தான் அவருடைய பகல்கள் கழிந்தன. அங்கே துணைக்கு சிகரெட். மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று காதால் கேட்டுக்கொண்டே ஒன்றை இழுத்து முடிப்பார். பிறகு இன்னொன்று. அவர் பழுது பார்த்துவிட்டுப் போன லிப்டில் ஏறுகிறவர்களுக்கு, வந்துபோனது யார் என்று விசாரிக்கவேண்டிய தேவையே இருக்காது.

மனைவி லீலாபாய் கல்யாணமான நாளிலிருந்தே இதற்காகச் சண்டை போட்டவள். துவைத்த துணியில் நாற்றம், திரைச்சீலையில் நாற்றம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் பக்கத்து வரிசையில் முகம் சுளிக்கிறார்கள் என்று ஓயாமல் சொல்லுவாள். ஒரு பள்ளியில் தையல் டீச்சராக இருந்தாள். சர்க்கரை அவள் கண்ணைக் கொண்டுபோனது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போயிற்று, அப்புறம் பஸ்ஸின் போர்டு, அப்புறம் முகங்கள். இரண்டு கண்ணும் முழுசாக இருண்ட பிறகு அவள் சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பாவம், சண்டை போட்டு அலுத்துவிட்டாள் என்று யோசுவா நினைத்துக்கொண்டார். அது அப்படியில்லை என்று தெரிய நாள் பிடித்தது.

கரமனைப் பாலத்தைத் தாண்டி, ஆற்றை ஒட்டிப் போகும் சந்தில் அவர்கள் வீடு. மகன் பிஜுவுக்கு ஷார்ஜாவில் வேலை. போன வருடம் லீவில் வந்தவன், காலையில் அப்பா வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு இருமுவதைக் கேட்டான். மறுநாளே பெட்டியிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினான்.

"மக்களே, இது என்னது?" என்று மகனிடம் கேட்டார் யோசுவா.

"வேப் அப்பா. தீ இல்ல, சாம்பல் இல்ல. வெறும் ஆவி. மாம்பழ மணமாட்டு இருக்கும். ஒரு மாசம் இழுத்துப் பாருங்க, சிகரெட் தன்னால போகும்."

"இது இங்க தடையில்லியா?"

"ஆரு பாக்கப் போறா? எட்டு பத்தெண்ணம் கொண்டாந்திருக்கேன். தீந்தா பழவங்காடியில ஷாஜிண்ணு ஒருத்தன், மொபைல் கவர் விக்கிறவன். எனக்க கூடப் படிச்சவன்தான். அவன்கிட்ட கெடைக்கும்."

யோசுவாவுக்கே ஆச்சரியமாக இருந்தது, அது அத்தனை எளிதாக முடிந்தது. சிகரெட்டை விட்டார். பிஜு திரும்பிப் போவதற்குள் இருமல் பாதியாகக் குறைந்திருந்தது.

பிஜு இருந்தவரை வீட்டில் ஆளும் பேச்சுமாக இருந்ததில் எதுவும் வெளியே தெரியவில்லை. அவன் விமானம் ஏறிய மறுநாள் சாயங்காலம். யோசுவா வேலை முடிந்து வந்து, வழக்கம்போலச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். லீலாபாய் கட்டிலில் உட்கார்ந்து கொத்தவரங்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்ததும் கை நின்றது.

"ஆரு?"

"நான்தான் புள்ளே."

அவள் முகத்தை நிமிர்த்தி மூச்சை இழுத்தாள். பிறகு கையை நீட்டி அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "ஓ" என்றாள். சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு, வீடு தேடிவந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் கிட்டே வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்தால் விரலால் உருட்டிப் பார்த்து, தயங்கித் தயங்கி விழுங்குவாள். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடத் தொடங்கினாள். கண்ணிழந்த பிறகு அந்த வீட்டில் யாரும் குளியலறைக்குத் தாழ் போட்டதில்லை. "விழுந்தா நான் எப்பிடி வருவேன்?" என்று கேட்டார் யோசுவா. "நீங்க எதுக்கு வரணும்?" என்றாள் அவள், மரியாதையாக.

பக்கத்து வீட்டு அஞ்சு ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே கூப்பிட்டாள்.

"அங்கிளே, ஒரு காரியம் சொல்லட்டே? தப்பாட்டு நெனைக்காதீங்க. உச்சைக்கு, வெயில் நேரத்துல சிகரெட் குடிக்கிறப்ப அந்த ஜன்னல மட்டும் அடச்சிடுங்களேன். எங்க மோளுக்கு மூச்சுமுட்டல் உண்டு. பொக முழுக்க எங்க ரூமுக்குத்தான் வருது."

"நான் சிகரெட்ட விட்டாச்சே அஞ்சு. உச்சைக்கு நான் வேலையிலல்லா இருப்பேன்."

அஞ்சு அவரையே பார்த்தாள். "நேத்துகூட வந்ததே அங்கிளே. ஆன்ட்டி பேசுற சத்தமும் கேட்டுது. உங்ககிட்டன்னு நெனச்சேன்."

முன்னறையில் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. யோசுவா உட்கார்ந்து புகைக்கிற இடம். இத்தனை வருடத்துப் புகை பிரம்பில் ஊறிக் கிடக்கும், வெயில் ஏறினால் கிளம்பும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சனிக்கிழமை முழுக்க நாற்காலியைச் சோப்பு போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தார். திரைச்சீலைகளைக் கழற்றி எறிந்து புதிது மாட்டினார். முன்னறைக்கு வெள்ளையடிக்க ஆளும் வைத்தார்.

அடுத்த வாரம் கவடியாரில் வேலை சீக்கிரம் முடிந்தது. மத்தியானமே வீட்டுக்கு வந்தவர், கேட்டைத் திறக்கும்போது உள்ளே லீலாபாயின் குரல் கேட்டது. ஜன்னலுக்குக் கீழே, சுவரோரம் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒரு ஆளு வாறாரு, கேட்டீங்களா. மாம்பழ மணமாட்டு இருக்கும். சத்தம் அப்பிடியே ஒங்களுக்க சத்தம். மொகத்தத் தடவினா ஒங்களுக்க மொகம். நல்ல ஆளுதான், குத்தம் சொல்லப்பிடாது. சோறு வெளம்பித் தாறாரு, ஊசி போட்டுத் தாறாரு. ஆனா ராத்திரி பக்கத்துக் கட்டில்ல படுக்காரு. நான் கண்ண மூடல்ல. எனக்குக் கண்ண மூடினாலும் தொறந்தாலும் ஒண்ணுதான், ஆனாலும் மூடல்ல." குரல் தாழ்ந்தது. "என்ன அந்த ஆளுகூடத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க, பிஜுக்க அப்பா."

பதில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஜன்னல் கம்பிகளுக்கு இடையிலிருந்து புகை வாசனை யோசுவாவின் தலைக்கு மேல் இறங்கியது. ஊறிப்போன பழைய வாசனை இல்லை. அப்போதுதான் பற்றவைத்த முதல் இழுப்பின் வாசனை. ஒவ்வொரு நாளும் தன் வாயிலிருந்து வெளியே விட்டதை, முதல்முறையாக வேறொருவர் விட அவர் முகர்ந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். நாற்காலி காலியாக இருந்தது. லீலாபாய் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து அதன் பக்கம் முகத்தைத் திருப்பியபடி இருந்தாள். அவர் நாற்காலியில் கை வைத்தார். வெயில் எட்டாத அந்த மூலையில், பிரம்பு சூடாக இருந்தது. ஆள் எழுந்துபோன சூடு.

"வந்தாச்சா?" என்றாள் லீலாபாய். உடம்பை ஒடுக்கிக்கொண்டாள். இந்த முறை அவள் பேசியது மாம்பழ வாசனைக்காரரிடம்.

மறுநாள் அவர் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஜங்ஷன் பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கினார். கையிலிருந்த வேப்பை, கடைக்குப் பின்னாலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். மத்தியானம் வீட்டு வாசலில் நின்று, இருமல் வர வர, இரண்டு சிகரெட்டை நெஞ்சு நிறைய இழுத்தார். கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

"லீலா, நான் வந்தாச்சு."

லீலாபாய் தலையை அவர் பக்கம் திருப்பினாள். பிறகு நாற்காலியின் பக்கம் திருப்பினாள். மறுபடி அவர் பக்கம். முகம் வெளுத்துப்போயிற்று.

"அவரு இந்தா இங்க இருக்காரு" என்றாள். "நீங்க ஆரு? எதுக்கு அவருக்க சிகரெட்ட எடுத்துக் குடிச்சுட்டு வாறீங்க?"

யோசுவா அந்தச் சிகரெட் பாக்கெட்டைக் கொல்லையில் எறிந்துவிட்டு, ஆற்றங்கரை வரைக்கும் நடந்துபோய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பயந்தார்தான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. அவள் குரலில் இத்தனை பிரியம் உண்டு என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பிரியம் முழுக்க அந்த நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிஜு கொண்டுவந்ததில் மிச்சமிருந்த வேப் ஒன்றை எடுத்து மறுபடி இழுக்கத் தொடங்கினார். ஒரு நாள் லீவு போட்டார். காலையில் வழக்கம்போலச் சோறு வைத்து, அவளுக்குப் பரிமாறினார். பிறகு சோப்பு போட்டுக் குளித்து, சிகரெட்டும் இல்லாமல் வேப்பும் இல்லாமல், சத்தமில்லாமல் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வருகிறவன் தன் மடியில்தானே உட்காரவேண்டும், பார்த்துவிடலாம் என்று நினைத்தார்.

வெயில் உச்சிக்கு வந்தது. சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. முதலில் முழங்கை ஓரத்தில் லேசான சூடு. பிறகு வாசனை. வாசலிலிருந்தோ ஜன்னலிலிருந்தோ அது வரவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே, அவருடைய சட்டைக்குள்ளிருந்து கிளம்புவதுபோலக் கிளம்பிச் சுற்றி நின்றது.

லீலாபாயின் முகம் மலர்ந்தது. "வந்தாச்சா?"

"ம்" என்றார் யோசுவா.

"இண்ணைக்கு வாயத் தொறந்தீங்களே! இத்தன நாளாட்டு நான்தான் ஒத்தைக்குப் பேசிட்டிருந்தேன்." சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஆளு இண்ணைக்கு வேலைக்குப் போகல்ல. சோறு வெளம்பித் தந்தாரு, பெறகு சத்தமே இல்ல. இங்கதான் எங்கயோ நிக்காரு. எனக்குப் பயமாட்டு இருக்கு."

யோசுவா கண்ணை மூடிக்கொண்டார். "அவனப் பாத்து நீ பயப்படாண்டாம்."

"ஒங்களுக்கு அவர அறியுமா?"

"நல்லா அறியும். ஒனக்கு மாத்திரைய மாத்தித் தரமாட்டான். ஒன்ன விட்டுட்டுப் போகவும் மாட்டான். ரோட்டு தாண்டும்போ அவன் கையப் பிடிச்சுக்க."

"நீங்க பிடிக்க மாட்டீங்களா?"

அவள் கையை நீட்டினாள். யோசுவாவும் நீட்டப் போனார். கை எழவில்லை. வேறொரு கை தன் கைமேல் படிந்து, நாற்காலியோடு அழுத்திப் பிடித்திருப்பதுபோல இருந்தது. அதில் வன்மம் இல்லை. பொறு என்று சொல்கிற பிடி.

"எனக்கு நேரமாச்சு லீலா."

அது அவருடைய குரல்தான். ஆனால் அதைச் சொன்னது தான்தானா என்று இன்றைக்கும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாசனை மெல்ல இறங்கி, கதவுப் பக்கம் போய், இல்லாமல் ஆயிற்று. லீலாபாய் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, தலையில் முக்காடு இட்டு, சாயங்காலம் வரைக்கும் சத்தமில்லாமல் அழுதாள். யோசுவா அந்த நாற்காலியைவிட்டு எழவில்லை.

மறுநாள் மாத்திரையோடு அவர் போனபோது, அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவரு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். "ஒங்கள நம்பலாம்ணு."

அன்றிலிருந்து வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. அவள் சரியாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். சாயங்காலங்களில், தன் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று யோசுவாவிடம் கதை கதையாகச் சொல்லுகிறாள். கல்யாணமான புதிதில் சங்குமுகம் கடற்கரையில் காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருக்க, அவள் முந்தானையை மறைப்பாகப் பிடித்து அவருக்குச் சிகரெட் பற்றவைத்த கதையையும் சொன்னாள். யோசுவா அதை மறந்தே போயிருந்தார். பிஜு போன் செய்தபோது, அப்பாவுக்கு ஒரு நினைவு ஜெபம் வைக்கவேண்டும், லீவு கிடைக்குமா என்று கேட்டாள். பிஜு அடுத்த நிமிடமே யோசுவாவின் போனுக்குக் கூப்பிட்டு, உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னான்.

யோசுவா அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். தேதி, கிழமை, வீட்டு விலாசம், மருமகள் ஷாலுவின் பிரசவ மாதம், எல்லாவற்றையும் லீலாபாய் பிசகில்லாமல் சொன்னாள். இவர் யார் என்று கேட்டதற்கு, "இவரு நல்ல ஆளு டாக்டரே" என்றாள். டாக்டர் யோசுவாவின் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். இப்போது பரவாயில்லையே, சிகரெட்டை விட்டது நல்ல பலன் தந்திருக்கிறது என்று பாராட்டினார்.

வேப்பையும் விட்டுவிடலாம் என்று யோசுவா ஒருமுறை முயன்றார். அன்று சாயங்காலம் உள்ளே நுழைந்ததும், "ஆரு?" என்றாள் லீலாபாய். பழைய அதே நடுக்கம். யோசுவா வாசலுக்குத் திரும்பிப்போய், பையில் கிடந்ததை எடுத்து இழுத்துவிட்டு வந்தார். "ஓ, நீங்களா" என்றாள்.

பழவங்காடியில் ஷாஜி, மாம்பழம் வருவதில்லை அண்ணாச்சி, புதினா இருக்கிறது, மணம் மாறினால் என்ன குறைந்துபோகும் என்று கேட்கிறான். யோசுவா தலையாட்டி மறுத்துவிட்டு, அவன் கேட்கிற விலையைக் கொடுத்து, கொச்சியிலிருந்து மாம்பழத்தையே வரவழைக்கச் சொல்கிறார். மூன்றாவதாக ஒருவனை அந்த வீட்டுக்குள் கூட்டிப்போக அவருக்குத் தைரியமில்லை.

போன மாதம் பட்டத்தில் ஒரு கட்டிடத்தின் மோட்டார் அறையில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். பட்டப்பகல். கதவு சாத்தியிருந்தது. முதுகுக்குப் பின்னால், அப்போதுதான் பற்றவைத்த சிகரெட்டின் வாசனை எழுந்தது. யோசுவா திரும்பவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவ வீட்டுக்குப் போயிட்டு வா" என்றார். "அவ ஒன்னத் தேடுதா."

கீழே எங்கோ ஒரு மாடியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள். மோட்டார் சுற்றத் தொடங்கியது.