நெற்றியில் எழுதிய அக்கி

இரண்டாவது கொரோனா ஊசி போட்ட எட்டாம் நாள், வலது புருவத்துக்கு மேல் எரிந்தது. வெயில் என்று நினைத்தேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று, மேலே இருக்கும் ஓட்டுநருக்குக் கை காட்டுவது என் வேலை. கன்டெய்னர் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும்.

மறுநாள் காலை கொப்புளங்கள் கொத்தாக வந்திருந்தன. மனைவி பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"இது அக்கிதான்யா. ஊசி வாணாம்னு தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியா?"

"போடலன்னா கேட்டுக்குள்ள வுட மாட்டான்."

திருவொற்றியூரில் பானை விற்கும் அம்மாவிடம் அவளே கூட்டிப் போனாள். அக்கி வந்தால் குயவர் கையால் காவி குழைத்து அதன்மேல் படம் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த அம்மா என் நெற்றியில் ஒரு சிங்கத்தை எழுதினார்.

"மூணு நாளைக்குத் தண்ணி படக்கூடாது நைனா. அழிஞ்சா கண்ணுல எறங்கிடும்."

காவி குளிர்ச்சியாக இருந்தது. குணமாகிறது என்றே நம்பினேன். அடுத்த நாள் ஹெல்மெட்டை நன்றாக இறக்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஓட்டுநர் பார்த்துவிட்டார்.

"இன்னா மாமு, சிங்கத்த இட்டாந்துக்கீற? கிரேன் பயந்துக்கப் போவுது!"

சிரித்து வைத்தேன். மத்தியானத்துக்குள் வலது கண்ணில் நீர் வடிந்து, இறங்கிவந்த கன்டெய்னரின் ஓரம் மங்கியது. நிறுத்து என்று கை உயர்த்தினேன். அவர் இறங்கி வந்து முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

வரிசையில் உட்கார முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். முறை வந்ததும் டாக்டரம்மா, "கழுவிட்டு வாங்க, அடியில என்ன இருக்குன்னே தெரியல" என்றார்.

"நாளையோட மூணு நாள் முடியுதும்மா. நாளன்னிக்கு வரேன்."

"மாத்திரையையும் மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும், இல்லன்னா கண்ணுக்கு ஆபத்து. சின்ன வயசுல அம்மை போட்டிருந்துதா?"

"ஆமாம்மா."

"அந்தக் கிருமி நரம்புக்குள்ளயே படுத்திருக்கும். உடம்பு அசந்தா எழுந்துக்கும்."

"ஊசியாலயா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஊசி போடாதவங்களுக்கும் வருது. அத அப்புறம் பேசலாம், இப்ப கண்ணப் பார்க்கணும்."

குழாயைத் திறந்து, கை நிறையத் தண்ணீரோடு நின்றேன். பானைக்கார அம்மா சொன்னது சரியென்றால் கழுவினால் கண் போகும். டாக்டரம்மா சொன்னது சரியென்றால் கழுவாவிட்டால் போகும். மனைவியைக் கேட்கலாமா என்று தோன்றியது. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தீர்ந்தது. மறுபடி பிடித்து, முகத்தில் அடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணில் இப்போதுதான் இறங்குகிறது என்றார். மாத்திரை எழுதி, அங்கேயே கண் டாக்டரிடமும் அனுப்பினார். முதல் மாத்திரையை மருந்து கொடுத்த ஜன்னலிலேயே விழுங்கினேன்.

வீட்டில் வெறும் நெற்றியைப் பார்த்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து வேளை தவறாமல் மாத்திரையை நீட்டினாள். தினமும் என் இடது கண்ணைப் பொத்தி விரல் காட்டுவாள்.

"எத்தினி?"

"மூணு."

"பொய் சொல்லாதயா, ரெண்டு."

பத்தாம் நாள் சரியாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை. தெருக்கோடி வரை நடந்துபோய், அங்கிருந்து மறுபடி கையைத் தூக்கினாள்.