சைவ ரத்தம் இருக்குமோ?

எங்கள் வீட்டில் பெண்கள் மூன்று பேர். மூன்று பேரும் வாய்க்காரிகள். என் கணவர் வேலை முடிந்து வந்ததும் தேத்தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார். வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் மூன்றாம் மாடி வீடு. ரயில் போகும்போது மட்டும் வாயை மூடுவோம். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மூத்தவர் என் அக்கா. கல்யாணம் கட்டவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். சுத்த சைவம். சும்மா வெள்ளிக்கிழமைச் சைவம் இல்லை, முட்டை போட்ட கேக்கை மணத்திலேயே பிடித்துவிடுவார். எங்கள் குசினிக்குள் மீனோ இறைச்சியோ வந்ததே கிடையாது. என் கணவருக்கு மீன் ஆசை வந்தால் கடையில் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, சட்டையும் மாற்றிவிட்டுத்தான் அக்கா முன்னால் வருவார். இளையவள் என் மகள். அப்போது பதினெட்டு முடிந்து, ஏ.எல். சோதனையும் எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். நடுவில் நான்.

மகளுக்கு அனிமே பைத்தியம். அதிலும் வாம்பயர் கதை என்றால் சாப்பாடும் வேண்டாம். அக்கா முதலில் திட்டத்தான் வந்தார். "என்ன பிள்ளை இது, ரத்தம் குடிக்கிற பேயளைப் பார்த்துக்கொண்டு?" என்று கேட்டபடி நின்றவர், அடுத்த சனிக்கிழமை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். "இந்தப் பேயிட்ட ஒரு நியாயம் இருக்கு, பொறு, பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு சனிக்கிழமைப் பின்னேரங்களில் எனக்குத் தேங்காய் துருவித் தரவும் ஆள் இல்லாமல் போனது.

அதில் ஒரு கதை எனக்கும் நினைவிருக்கிறது. பனி கொட்டும் ஓர் ஊர். ஒரு பெடியனை வாம்பயர் கடித்து, அவனும் வாம்பயர் ஆகிவிடுகிறான். ஒருவரையும் கொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறான். அவனுடைய தங்கச்சி தன் கையைக் கீறி, ஒரு கோப்பையில் இரத்தம் பிடித்துக் கொண்டுவந்து வைக்கிறாள். அவன் தொடவே இல்லை. வாடி வதங்கிச் செத்துப்போகிறான். அவனைப்போல நல்லவன் இல்லை என்று ஊரே அழுகிறது. தங்கச்சி அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். அதோடு முடிகிறது.

"அவன் எவ்வளவு நல்லவன், பெரியம்மா" என்று மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன நல்லவன்? பறிச்சுக் குடிக்கிறது பாவம், அது சரி. மனம் வந்து குடுத்ததை வேண்டாமெண்டு செத்தானே, அதுவும் பாவம்தான். அந்தப் பெட்டையை ஆர் பார்த்தது?"

"அவன் ஒருத்தரையும் கொல்லேல்லைத்தானே? அவன்ர கை சுத்தம்."

"அவன்ர கை சுத்தம். அவளின்ர கையில இருக்கிற கோப்பை? அதை ஆர் கழுவுறது?"

நான் குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் அக்கா கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தால் புதுக்கடை நீதிமன்றமே நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில்தான் அக்கா வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்காக இரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இவ்வளவு வாயும் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டும் எங்களிடம் மூச்சுக்கூட விடவில்லை. ஆசுப்பத்திரியில் அக்காவைப் பார்த்தவர் ஒரு முஸ்லிம் பெண் டொக்டர். கட்டிலருகே நின்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"கட்டிய எடுக்கணும் டீச்சர். ஆனா உங்கட உடம்புல ரத்தம் இல்ல. முதல்ல ரத்தம் ஏத்தணும். ஏத்தாம ஒப்பரேசன் செஞ்சா உயிருக்கே ஆபத்து. செய்யாம விட்டாலும் ஆபத்துத்தான்."

அக்கா கேட்டார்: "டொக்டர், சைவ ரத்தம் இருக்குமோ?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"மச்சம் மாமிசம் தொடாத ஆளின்ர ரத்தம்" என்று அக்கா வகுப்பில் விளக்குவதுபோல விளக்கினார்.

பாவம் டொக்டர், சிரிக்கவில்லை. "அப்பிடிப் பிரிக்கிறதில்ல டீச்சர். குரூப் மட்டும்தான் பார்ப்போம்."

"அப்ப எனக்கு வேண்டாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்கென்ன விசரே அக்கா? ரத்தத்துக்குள்ள ஆட்டுக் கறியே மிதக்குது?" என்று வார்ட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாகும்போதும் தான் தானாகவே சாகவேண்டுமாம். அடுத்த நாளும் அதே பிடிவாதம். உதடு வெளிறி, காதுத் தோட்டின் நிறம்தான் முகத்தில் மிஞ்சியிருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

அப்போதுதான் மகள் சொன்னாள்: "பெரியம்மா, எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே குரூப். என்ர ரத்தத்தை எடுக்கச் சொல்லிக் கேப்பமே?"

அக்கா திரும்பினார். "உன்ர எண்டால் சரி. நான் வளர்த்த பிள்ளை. உன்ர உடம்பில மச்சம் இல்லை."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டொக்டரைக் கூப்பிட எழும்பினேன். மகள் அசையவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

"பெரியம்மா, ஒண்டு சொல்லவேணும்."

அவளுடைய கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினேன். டியூசன் விட்டு வரும் பிள்ளையின் வாய் மணம் தாய்க்குத் தெரியாதா? தெரிந்தும் தெரியாததுபோல இருந்தேன், வீட்டில் சண்டை குறையட்டும் என்று. அவள் நான் கிள்ளியதையும் பொருட்படுத்தவில்லை.

"டியூசன் முடிய ரோல்ஸ் சாப்பிடுறனான். மட்டன் ரோல்ஸ். ரெண்டு வருசமா."

"எடி மூதேவி!" என்றேன். "வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே? பெரியம்மா கிடக்கிற கிடைக்கு, இப்பதான் உனக்கு உண்மை கதைக்க வந்ததே?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, குரல் மட்டும் உடையவில்லை. "அவ கேக்கிறது ஒண்டு, நான் குடுக்கிறது வேறொண்டு எண்டால், அது குடுக்கிறது இல்லையம்மா. ஏமாத்தி ஏத்துறது." பிறகு அக்காவிடம் திரும்பினாள். "ஆனா நான் மனம் வந்துதான் கேக்கிறன். இப்ப கோப்பை என்ர கையில இருக்கு, பெரியம்மா. நீங்கள் வேண்டாமெண்டு செத்தால், இதை ஆர் கழுவுறது?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்தப் பிள்ளையையா நான் பேய்ப்படம் பார்த்துக் கெட்டுப்போகிறாள் என்று ஏசினேன்? கிள்ளிய கையாலேயே அவளுடைய முதுகைத் தடவினேன். என் பிள்ளை என்று அந்த வார்ட் முழுவதுக்கும் சொல்லவேண்டும் போல இருந்தது.

"அது கார்ட்டூன்" என்றார் அக்கா, மெல்லிய குரலில்.

"விதி எண்டால் எல்லா இடத்திலயும் விதி எண்டு எனக்குக் கணக்குச் சொல்லித் தரேக்க ஆர் சொன்னது?"

அக்கா மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபானைப் பார்த்தபடி கிடந்தார். நான் கந்தசாமியார் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு வருசமாவோ?" என்று கேட்டார் கடைசியில்.

"ஓம்."

"மீனும் சாப்பிடுறனியோ?"

"மாலு பாணுக்குள்ள இருக்கிற மீன் மட்டும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க மூச்சு வாங்கியது. "டொக்டரைக் கூப்பிடுங்கோ. ஆர்ர ரத்தமெண்டாலும் ஏத்தட்டும். இவளின்ரயை விட மோசமாவே இருக்கப்போகுது?"

வங்கியில் இருந்த இரத்தத்தையே ஏற்றினார்கள். யார் கொடுத்தது என்று அக்கா தாதியிடம் கேட்டார். அது தங்களுக்கே தெரியாது என்று அந்தப் பிள்ளை சிங்களத்தில் சொன்னது. அக்கா ஊசி குத்தாத கையை நெஞ்சில் வைத்து, தொங்கிக்கொண்டிருந்த பையைக் கும்பிட்டார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. அக்கா வீடு வந்து சேர்ந்தார், சனிக்கிழமை வாம்பயர்களும் திரும்ப வந்தார்கள்.

ஆனால் அக்காவுக்கு ஒரு கவலை இருந்தது. தானும் யாருக்காவது இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். இந்த உடம்போடு முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "உங்களுக்காக நான் குடுக்கிறன்" என்றாள் மகள்.

பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கோயில் மண்டபத்தில் இரத்ததான முகாம் நடந்தது. மகளின் விரலில் குத்தி, ஒரு சொட்டை நீல நிறத் தண்ணீருக்குள் விட்டார்கள். மிதந்தால் இரத்தத்தில் சத்துக் காணாது, எடுக்கமாட்டார்கள். அவளுடைய சொட்டு நேரே அடிக்குப் போனது. அக்கா மாதக்கணக்காக ஊட்டிய முருங்கையிலை வறை சும்மா போகுமா? மகள் கட்டிலில் படுத்ததும் திரும்பிப் பார்த்தேன், அக்காவைக் காணவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு கதைத்த மனுசி பிள்ளையின் பக்கத்தில் நிற்கவேண்டாமா?

எல்லாம் முடிந்து, கையில் பிளாஸ்டரோடு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கோயில் கேற்றுக்கு வெளியே, காலி வீதி நடைபாதையில், சுள்ளென்ற வெயிலில் அக்கா நின்றார். ஒரு கையில் குடை. மற்றக் கையில் எண்ணெய் ஊறிய ஒரு கடதாசிப் பை. அதைச் சீலையில் படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"உள்ளுக்குக் கொண்டுவர ஏலாது. அதுதான் இதில நிக்கிறன்."

மகள் பையைத் திறந்து பார்த்தாள். மட்டன் ரோல்ஸ்.

"பெரியம்மா, நீங்களே வாங்கினீங்கள்?"

"கடைக்காரத் தம்பி என்னைத் தெரிஞ்சவர். மரக்கறியைத்தான் கட்டித் தந்தார். இல்லைத் தம்பி, மட்டன் எண்டன். ரெண்டாந்தரமும் கேட்டுப்போட்டுத்தான் தந்தார்." அக்கா அவளுடைய பிளாஸ்டரைத் தொட்டுப் பார்த்தார். "இந்த ஆடு மனம் வந்து குடுக்கேல்லை, அது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை நான் இன்னும் செய்து முடிக்கேல்லை. நான் சாகுமட்டும் தொடவும் மாட்டன். ஆனா எனக்கு ரத்தம் தந்த ஆளும் களைச்சுப்போய், வெளிய வந்து இப்பிடி எதையோதானே சாப்பிட்டிருக்கும். சாப்பிடு."

மகள் அங்கேயே நின்று சாப்பிட்டாள். கடைசிக் கடி முடியும்வரை, தான் வெயிலில் நின்றபடி, அக்கா அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.