குழாய்க்கு வைத்த பொட்டு

ஆர்சனிக் என்ற விஷத்தின் பெயரைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். சேலத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் பர்னஸ் எனும் மின்உலைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

டாண்டலத்தையும் ஆர்சனிக்கையும் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி, வாயை உருக்கி அடைத்துச் சூடாக்கினால் ஒரு படிகம் வளரும். டோபாலஜிக்கல் செமிமெட்டல் என்பார்கள். அதன் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் தனி வழியில் ஓடும். உள்ளே அப்படி ஓடாது. அந்த மேற்பரப்பு நிலைகளை அளப்பதுதான் எங்கள் ஆய்வக மாணவி, ராசிபுரத்து நித்யாவின் ஆராய்ச்சி. வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் அளக்க அவளுக்குக் கிடைத்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் வேறு படிகம் இல்லை.

ஆயுத பூஜை முடிந்ததும் குழாயை பர்னசில் ஏற்றினாள். சில நாள் கழித்து, ஆய்வக வாசலில் டீ குடித்தபடி சொன்னாள். "இந்தவாட்டி நல்லா வளருமுங்க அக்கா. பூசையில குழாய்க்கும் சந்தனப் பொட்டு வச்சனுங்க."

"ஏத்தறதுக்கு முன்னாடி தொடச்சயா அம்மிணி?"

"சாமிக்கு வச்ச பொட்ட எப்படிங்க அக்கா தொடைக்கறது?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். குவார்ட்ஸில் விரல் ரேகை பட்டாலே, அதிலுள்ள உப்பு சூட்டில் அதை அரிக்கும். பட்ட இடம் வெளுத்து விரிசல் விடும். இங்கே பொட்டே இருக்கிறது. உள்ளே கொதிக்கிற ஆர்சனிக் ஆவி; விரிசல் விட்டால் குழாய் வெடித்து விஷம் வெளியே வரும். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்டை ஓடவிட்டு, வராந்தாவில் இருந்த பர்னஸ் சுவிட்சை மட்டும் அணைத்தேன்.

"திடீர்னு நிறுத்துனா படிகம் போயிருமுங்க அக்கா. சூட்ட மெதுவாத்தான் எறக்கோணும். உள்ள போயி செட் பண்ணிட்டு வந்தர்றேன்" என்று கதவைத் தள்ளினாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"உடுங்க அக்கா, ஒரு நிமிசம்" என்று அழுதாள். எனக்கும் சந்தேகம்தான். ஒன்றும் ஆகாவிட்டால் ஒரு பெண்ணின் உழைப்பை நானே கெடுத்தவளாவேன். ஆனாலும் பிடியை விடவில்லை.

உள்ளே 'டப்' என்று கேட்டது. சின்னச் சத்தம்தான். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தோம். பர்னஸ் வாயிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி எக்ஸாஸ்டுக்குள் போனது. அவள் போய் நின்றிருக்கக்கூடிய இடம் அது. அவளையும் இழுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

அடைத்த குழாயைக் கையுறை போட்டு, அசிட்டோனில் துடைத்த பிறகே ஏற்றுங்கள். பொட்டைக் கதவுக்கு வையுங்கள், சாமி கோபிக்காது. பயம் வந்தால் வெட்கப்படாமல் வெளியே வந்துவிடுங்கள். படிகத்தை மறுபடி வளர்த்துக்கொள்ளலாம். நித்யா வளர்த்தாள்.